நங்கநல்லூரில் கட்டுப்படியாகும் வாடகைக்கு வீடு: சில வருட அனுபவம்

சென்னை நங்கநல்லூர்ப் பக்கம் சில வருடங்களாக வாடகைக்கு இருக்கிறோம், நடுவில் வீடும் ஒருமுறை மாறியாகிவிட்டது. இங்கே வீடு தேடுகிறவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது, வாடகை எவ்வளவு என்று கேட்பதற்கு முன் ஈபி மீட்டர் தனியா என்று கேளுங்கள்.

முன்பு இருந்தது ஒரு மாடிப் போர்ஷன். வாடகை குறைவுதான், ஆனால் தனி இணைப்பு இல்லை, ஓனர் வைத்த சப் மீட்டர், முதல் யூனிட்டிலிருந்தே யூனிட்டுக்கு 8 ரூபாய். இரண்டு மாதத்துக்கு 200 யூனிட் ஓடினால் 1,600 ரூபாய். நம் போர்ஷனுக்கென்று தனி மீட்டர் இருந்தால் அரசு தரும் இலவச யூனிட் போக மீதிக்கு 300 ரூபாய்கூட வராது. இப்போதைய வீட்டில் வாடகை 500 ரூபாய் கூட, இருந்தும் மாதச் செலவு குறைந்திருக்கிறது.

அடுத்தது தண்ணீர். சம்ப்பில், அதாவது தரைக்குக் கீழே இருக்கிற தொட்டியில், மெட்ரோ வாட்டர் என்கிற சென்னைக் குடிநீர் வாரியத் தண்ணீர் விழுகிறதா, வெறும் போர் தண்ணீர்தானா என்று கேளுங்கள், அப்படியே பாத்ரூம் குழாயின் முனையையும் பாருங்கள். அதில் வெள்ளையாகப் படிந்து கெட்டியாகியிருந்தால் உப்புத் தண்ணீர், ஓனர் என்ன சொன்னாலும் சரி.

ஆப்பில் தேடிப் பார்த்தோம், புரோக்கரையும் பார்த்தோம். புரோக்கருக்கு ஒரு மாத வாடகை கமிஷன். ஆப்பில் நல்லதாகத் தெரிவதற்குப் போன் போட்டால் "அது போயிடுச்சு சார், வேற ஒண்ணு இருக்கு" என்று வாடகை கூடுதலான வீட்டைக் காட்டுவார்கள். குறைந்த வாடகை வீடுகள் ஆப்புக்கு வருவதே அபூர்வம். கேட்டில் ஒரு டு-லெட் அட்டை தொங்கும், இல்லையென்றால் தெருமுனை இஸ்திரிக் கடைக்காரருக்குத் தெரிந்திருக்கும். இப்போதைய வீடு அவர் சொல்லிக் கிடைத்ததுதான், அவருக்கு என்றும் நன்றி. முடிந்தால் ஆடியிலோ மார்கழியிலோ தேடுங்கள், அந்த மாதங்களில் பால் காய்ச்சிக் குடிபோகிறவர்கள் குறைவு, வீடு சும்மா கிடக்கும், ஓனரும் கொஞ்சம் இறங்கி வருவார்.

பழவந்தாங்கல் ஸ்டேஷனுக்கு நடக்கிற தூரத்தில் வாடகை கூடத்தான். மூவரசம்பட்டு, கீழ்க்கட்டளைப் பக்கம் தள்ளிப் போகப் போகக் குறையும், ஆனால் தினமும் ரயிலில் போகிறவர் என்றால் ஷேர் ஆட்டோ செலவையும் சேர்த்துப் பாருங்கள். பெருமழை பெய்தால் பழவந்தாங்கல் சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்கும், ஜிஎஸ்டி ரோட்டுக்குச் சுற்றித்தான் போக வேண்டும்.

'சைவம் மட்டும்' என்ற போர்டும் இங்கே நிறைய. வாடகையை ஒழுங்காகக் கட்டும் குடும்பத்தை, என்ன சமைப்பீர்கள் என்று கேட்டு வாசலிலேயே திருப்பி அனுப்புவது எனக்கு இன்றும் ஆறவில்லை. கட்டுப்படியாகும் வீடே கொஞ்சம், அதிலும் பாதிக் கதவு இப்படி மூடிக்கொண்டால் எங்கே போவது?

அப்புறம் அட்வான்ஸ். 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி மூன்று மாத வாடகைதான் அளவு, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொண்டால் ஒழிய. இன்னும் ஆறு மாதம், பத்து மாதம் கேட்கிறார்கள், சட்டத்தைச் சொல்லிப் பேசுங்கள். காலி செய்யும்போது பெயிண்டிங்குக்கு ஒரு மாத வாடகை பிடிப்பதும் இங்கே பழக்கம். பிடிப்பார்களா, எவ்வளவு என்பதைக் கையெழுத்துப் போடும் முன்பே அக்ரிமென்ட்டில் எழுத வைத்துவிடுங்கள், சாவி வாங்குகிற அன்றே சுவர்களையும் போட்டோ எடுத்து ஓனருக்கு வாட்ஸப்பில் அனுப்பிவிடுங்கள்.