ஆடாசிட்டி: 45 நிமிஷ கச்சேரியைப் பாட்டு பாட்டா பிரிக்க இதுதான் சரிப்பட்டு வந்துச்சு

பெரியப்பா கோயில்ல வாசிச்ச நாதஸ்வர கேசட் வீட்டுல ஒரு பெட்டி நிறைய இருக்கு, எல்லாமே சி-90, ஒரு பக்கத்துக்கு 45 நிமிஷம். பெல்ட் மாத்தின பழைய டெக்குல இருந்து எல்லாத்தையும் லேப்டாப்புல ஏத்திட்டேன், ஆனா முழுசா ஒரே ஃபைலா கிடந்தா யாரு உக்காந்து கேப்பாங்க? அக்கா பையன் இப்பதான் நாதஸ்வரம் கத்துக்கறான், "மாமா அந்த மல்லாரி மட்டும் அனுப்புங்க"ன்னு, சாமி புறப்பாட்டுக்கு வாசிக்கறதை, கேக்கறப்ப, 12-வது நிமிஷத்துல இருந்து கேளுடான்னு சொல்ல மனசே வரல.

முதல்ல காசு குடுத்து ஒரு சாஃப்ட்வேர் வாங்கினேன், தானாவே பாட்டைப் பிரிச்சுக் குடுக்கும்னு போட்டிருந்துச்சு. ஒரு பக்கத்தைக் குடுத்தா ரெண்டே துண்டாக்கி வச்சிருச்சு, அதுவும் கேசட்ல டேப் தேய்ஞ்சு சத்தம் அமுங்கின இடத்துல, ஆலாபனைக்கு நடுவுல. யோசிச்சுப் பாத்தா காரணம் புரியுது. இந்த மாதிரி சாஃப்ட்வேர் எல்லாம் தேடறது அமைதியைத்தான். சினிமா பாட்டு கேசட்ல ஒரு பாட்டுக்கும் அடுத்ததுக்கும் நடுவுல ரெண்டு மூணு செகண்ட் சத்தமே இருக்காது, அங்க அழகா வெட்டிரும். நாதஸ்வரத்துல ஒத்து, அதான் சுருதிக்குன்னு ஊதற குழல், நிக்கவே நிக்காதே, வாசிக்கறவர் மூச்சு வாங்கினாலும் பின்னாடி சுருதி ஓடிக்கிட்டுதான் இருக்கும், சாமி புறப்பாடுன்னா வெடிச்சத்தம், மணி, ஜனங்க பேச்சு வேற.

அப்புறம்தான் ஆடாசிட்டிக்கு வந்தேன். ஆடியோவை வெட்டி ஒட்டற சாஃப்ட்வேர் இது, 2000-லயே வந்தது, இன்னைக்கும் ஃப்ரீ, விண்டோஸ் மேக் லினக்ஸ் எல்லாத்துலயும் ஓடும். இதுலயும் 'லேபிள் சவுண்ட்ஸ்'னு தானா தேடற வசதி இருக்கு, மைனஸ் 30 டெசிபலுக்குக் கீழ போனா அமைதின்னு வச்சு ஒரு சினிமா பாட்டு கேசட்டைக் குடுத்தேன், சுத்தமா பிரிச்சுருச்சு. கச்சேரிக்கு அது வேலைக்கு ஆகாது, நாமதான் காது குடுத்துக் கேட்டு பிரிக்கணும், அந்தக் கைவேலையை இது ரொம்ப சுலபமாக்கிக் குடுக்குது, எனக்குப் பிடிச்சதே அதுதான். பாட்டு ஓடிக்கிட்டு இருக்கறப்பவே கண்ட்ரோல் எம் அமுக்கினா அந்த இடத்துல ஒரு லேபிள், அதாவது பேர் எழுதற அடையாளம், விழும், தமிழ்லயே பேர் அடிச்சுக்கலாம். ரெண்டு மூணு கேசட் பண்ணினா திரையில தெரியற ஒலி அலை கண்ணுக்கே பழகிரும், தவில் தனி வந்தா தூண் தூணா நிக்கும், ஆலாபனை மெலிசா ஏறி இறங்கும்.

ஒரு இடம் சொல்றேன். தவில்ல தீர்மானம், அதான் முடிக்கற அடி, விழுந்து முடிஞ்சதும் பெரியப்பா சீவாளியை, வாயில வச்சு ஊதற துண்டை, மாத்திட்டு சின்னதா 'பீ'ன்னு ஊதிப் பாப்பாரு, அப்புறம்தான் அடுத்த ராகம். காசு குடுத்து வாங்கின சாஃப்ட்வேர் வெட்டினப்ப அந்த 'பீ' எங்கேயோ போய் ஒட்டிக்கிச்சு. இதுல பெரிசா ஜூம் பண்ணி அந்த 'பீ'க்குக் கொஞ்சம் முன்னாடி கர்சரை வச்சேன், இசட் கீயை அமுக்கினா அது அலை பூஜ்யத்தைத் தொடற இடத்துக்கு நகந்துக்கும், வெட்டின இடத்துல 'டிக்'னு சத்தம் வராது. இடத்தை செலக்ட் பண்ணி கண்ட்ரோல் பி அமுக்கினா நீளமான லேபிள் கிடைக்கும், ஒண்ணு மேல ஒண்ணு ஏறி இருந்தாலும் தப்பில்ல, அதனால ஆலாபனை தனியா ஒரு ஃபைல், ஆலாபனையும் கீர்த்தனையும் சேர்த்து இன்னொரு ஃபைல்னு எடுத்தேன். கடைசியா எக்ஸ்போர்ட்ல 'மல்டிபிள் ஃபைல்ஸ்' குடுத்தா லேபிள் பேர்லயே எல்லாம் வரிசையா வந்து விழுது.

டிஸ்க்ல இடம் இருக்கான்னு மட்டும் பாத்துக்கோங்க. 32 பிட்ல வேலை செஞ்சா 45 நிமிஷ ஸ்டீரியோவுக்கு கிட்டத்தட்ட 950 எம்பி ஆகுது. இன்னொண்ணு, உங்க கிட்ட இருக்கறது ஏற்கனவே எம்பி3-ன்னா இதுல வெட்டி திரும்ப எம்பி3 ஆக்காதீங்க, மறுபடி சுருக்கறதுல தரம் குறையும். அதுக்கு எம்பி3 டைரக்ட் கட் இருக்கு, சின்ன சாஃப்ட்வேர், ஃப்ரீதான், மறுபடி சுருக்காம அப்படியே வெட்டும். விண்டோஸுக்கு மட்டும்தான்.

ஆடாசிட்டியோட ப்ராஜெக்ட் ஃபைலை அழிச்சுராதீங்க, லேபிள் எல்லாம் அதுலதான் இருக்கு, பேரை எப்ப வேணா மாத்தலாம். மூணாவது கேசட் பி பக்கத்துல ஒண்ணுக்கு 'ராகம் தெரியல'ன்னு போட்டு வச்சிருக்கேன், பெரியப்பா கூட வாசிச்ச தவில்காரருக்கு அனுப்பியிருக்கேன், அவர் சொன்னதும் மாத்தணும்.