பிராக் பழைய நகரச் சதுக்கத்தில் ஹாம் வாங்குகிறீர்களா? முதலில் எடையைப் பேசுங்கள்

செக் நாட்டுத் தலைநகர் பிராக் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். பழைய நகரச் சதுக்கத்தில் மரக்கடைகள் போட்டு, முழுப் பன்றித் தொடையைத் தணலில் சுழலவிட்டுச் சுடுவார்கள், வாசனை ஆளை இழுக்கும். நாங்கள் போன கடையில் 109 கொருனா (செக் நாட்டுப் பணம்) என்று பெரிதாக எழுதியிருந்தது. பார்க்கிற எவருக்கும் அது ஒரு தட்டின் விலை என்றுதான் தோன்றும். கீழே பொடி எழுத்தில் 100 கிராமுக்கு என்று இருந்தது.

சின்னத் துண்டு போதும் என்று கையாலும் அளவு காட்டிச் சொன்னோம். தலையை ஆட்டிக்கொண்டே அந்த ஆள் கனமாக வெட்டித் தட்டில் போட்டு, அவர் பக்கமே திரும்பியிருந்த தராசில் வைத்து, 480 கிராம், 523 கொருனா என்றார். குறைக்கச் சொன்னால், வெட்டியாச்சு, இனி திரும்ப வைக்க முடியாது என்று சத்தம் போடுகிறார். பின்னால் வரிசை நீள்கிறது, சண்டை வேண்டாம்ப்பா என்று என் அப்பாவே பணத்தை எடுத்து நீட்டிவிட்டார். வெளியூர்க்காரன் நாலு பேர் முன்னால் வாக்குவாதம் செய்யக் கூசுவான் என்று தெரிந்தேதான் இப்படி வெட்டுகிறார்கள், அதுதான் எனக்கு ஆறவே இல்லை.

அதனால் கத்தியை எடுக்கும் முன்பே போனில் 100 g என்று தட்டிக் காட்டுங்கள், தராசைத் திருப்பச் சொல்லுங்கள், ரசீது கேளுங்கள். ரசீது இருந்தால் செக் வர்த்தக ஆய்வு அமைப்பிடம் புகார் கொடுக்கலாம்.

பணம் மாற்றும் விஷயம் இன்னும் மோசம். தெருவில் நல்ல விலை தருகிறேன் என்று வருபவரிடம் நிற்கவே வேண்டாம். கொருனா என்று சொல்லி ஹங்கேரி ஃபோரின்டையோ, 2016-இல் புது நோட்டு வந்து வழக்கொழிந்த பழைய பெலாரஸ் நோட்டையோ கையில் திணிப்பார்கள். பணம் மாற்றும் கடையில் மாற்றி ஏமாந்தால் வழி உண்டு: 2019 ஏப்ரல் முதல் அமலில் உள்ள சட்டப்படி, 1000 யூரோ வரையிலான பரிமாற்றத்தை மூன்று மணி நேரத்துக்குள் ரத்து செய்யலாம், ரசீதோடு அதே கடைக்குத் திரும்பிப் போங்கள். ஏடிஎம் உங்கள் நாட்டுப் பணத்தில் கணக்குப் போடவா என்று கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள், கொருனாவிலேயே எடுங்கள்.

இதற்காகச் சதுக்கத்தைத் தவிர்க்காதீர்கள். 1410-இல் செய்த வானியல் கடிகாரம் அங்கேதான் இருக்கிறது. 1621-இல் மரண தண்டனை பெற்ற 27 பேருக்காகத் தரையில் பதித்த வெள்ளைச் சிலுவைகளையும் பாருங்கள், பலரும் மிதித்துக்கொண்டே போகிறார்கள். மணி அடிக்கும்போது எல்லாரும் அண்ணாந்து நிற்பார்கள், பிக்பாக்கெட்காரர்களுக்கு அதுதான் நேரம், பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள். சாப்பாட்டுக்கு மட்டும் நாலு தெரு தள்ளிப் போய்விடுங்கள்.