ஒரு சுத்தியல், இரண்டு பிடி, எட்டு வருஷம்

என் முதல் சுத்தியலின் தலை பறந்துபோய்க் கோழிக்கூட்டுக்குள் விழுந்தது. கூடு அன்றுதான் உருவாகிக்கொண்டிருந்ததால் உள்ளே கோழி எதுவும் இல்லை, தப்பித்தேன். பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் 12 வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) வாங்கியது. பிடி பளபளவென்று மஞ்சள் வார்னிஷ் பூசி, பார்க்க மாப்பிள்ளை மாதிரி இருந்தது. மூன்று மாதம்கூட முழுதாக உழைக்கவில்லை.

எங்கள் தாத்தா மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் ஆசாரி வேலை பார்த்தவர். லயத்து வீடுகளுக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) கதவு, ஜன்னல், கோயில் திருவிழாவுக்குப் பந்தல், எல்லாம் அவர் கைதான். அவருடைய சிறிய சுத்தியலுக்கு உடைந்த ஹாக்கி மட்டையைச் சீவிப் பிடி போட்டிருந்தார். அந்தக் கால மட்டைகளை மல்பெரி மரத்தில் செய்வார்கள்; எவ்வளவு அடித்தாலும் கையில் அதிர்வு ஏறாது. “இரும்பைப் பாத்து வாங்காதடா, பிடியைப் பாத்து வாங்கு” என்பார். கோழிக்கூட்டு முன்னால் வெறும் பிடியோடு நின்றபோதுதான் அந்தப் பேச்சு ஞாபகம் வந்தது.

உடைந்த பிடியின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். மரத்தின் வளையக் கோடுகள் தலைக்குக் குறுக்கே ஓடின. பக்கவாட்டில் பார்த்தால், ரேகை தலைக்குக் கீழே நாலு விரல் தூரத்தில் சாய்ந்து வெளியே போய்விட்டது. அங்கேதான் முறிந்திருந்தது. வார்னிஷ் போட்டதே இதை மறைக்கத்தானோ என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்.

அடுத்ததை 2017இல் பட்டணத்து இரும்புக்கடையில் வாங்கினேன். தலை 16 அவுன்ஸ், அதாவது 450 கிராமுக்குக் கொஞ்சம் கூட. பிடி ஹிக்கரி என்கிற அமெரிக்க மரம். விலை 48 வெள்ளி. தவுக்கே, அதாவது சீன முதலாளி, கடையில் ஒரே மாதிரி ஏழு சுத்தியல் தொங்கிக்கொண்டிருந்தன. ஏழையும் இறக்கி, ஒவ்வொன்றாகப் பிடியின் அடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். “அண்ணே, எல்லாம் சாமா லா” (எல்லாம் ஒன்றுதான்) என்றார் தவுக்கே சிரித்துக்கொண்டே. சாமா இல்லை. ஏழில் இரண்டில்தான் கோடுகள் தலையின் நீளவாக்கிலேயே, அடிமுகத்திலிருந்து ஆணி பிடுங்கும் கொம்பு வரைக்கும் உள்ள திசையில் ஓடின. அந்த இரண்டில் ஒன்றுக்குப் பிடி லேசாகக் கோணல். துப்பாக்கி குறி பார்ப்பதுபோல ஒரு கண்ணை மூடிப் பார்த்தால் தெரிந்துவிடும். மிச்சமிருந்த ஒன்றை எடுத்துக்கொண்டேன். ஒரே கம்பெனி, ஒரே விலை, ஒரே பெட்டியில் வந்த சரக்கு. ஆனாலும் பிடிக்குப் பிடி வித்தியாசம் இருக்கிறது. அதனால்தான் எந்தப் பிராண்டு நல்லது என்று கேட்பவர்களுக்கு நான் நேராகப் பதில் சொல்வதில்லை.

தலையின் உச்சியையும் பாருங்கள். நல்ல சுத்தியலில் துளைக்குள் நீளவாக்கில் ஒரு மர ஆப்பும், அதற்குக் குறுக்கே ஒன்றிரண்டு இரும்பு ஆப்பும் அடித்திருப்பார்கள். துளை நடுவில் குறுகி மேலே விரிந்திருக்கும். ஆப்பு இறங்க இறங்க மரம் அந்த விரிவில் போய் அடைத்துக்கொள்ளும். வெறும் பசையை ஊற்றி மூடியிருந்தால் எனக்கு மனசு ஒப்பாது. அடிமுகம் வழவழப்பாக, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் கொஞ்சம் குவிந்திருக்க வேண்டும். சொரசொரப்பாகக் கட்டம் போட்ட முகம் வீட்டுக்கு மரச்சட்டம் அடிப்பவர்களுக்கு ஆணி வழுக்காமல் உதவும். அலமாரிக் கதவில் அடித்தால் அந்தக் கட்டமெல்லாம் பலகையில் பதிந்துவிடும்.

ரப்பர் விளைந்த ஊரில் இருந்துகொண்டு அமெரிக்க மரமா என்று ஒரு மாமா கேட்டார். நியாயமான கேள்விதான். 1877இல் நட்ட ரப்பர் மரம் ஒன்று கோலகங்சாரில் இன்னும் நிற்கிறது, போய்ப் பார்த்தும் வந்திருக்கிறேன். ரப்பர் பலகையில் நாற்காலி, மேசை அருமையாக வரும். ஆனால் ஓங்கி அடிக்கிற பிடிக்கு ஹிக்கரியின் குணமே வேறு. கனமும் உண்டு, வளைந்து கொடுத்து அதிர்வை வாங்கிக்கொள்ளவும் செய்யும். நம் ஊர்ச் செங்கால் மரம் அதைவிடக் கெட்டி. கெட்டியாக இருப்பது மட்டும் பிடிக்குப் போதாது, அடியையும் தாங்க வேண்டும்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் செய்த முதல் வேலை, பிடியில் இருந்த வார்னிஷைத் தேய்த்து எடுத்தது. வியர்வைக் கையில் வார்னிஷ் வழுக்கும், கொப்புளமும் போடும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டு ஆளிவிதை எண்ணெய் தடவினேன். அம்மா தேங்காயெண்ணெய் போடச் சொன்னார். அது உலராது, பிசுபிசுவென்றே இருக்கும், நாளாக நாளாகச் சிக்கு வாடை வரும். ஆளிவிதை எண்ணெய் காற்றுப் பட்டு இறுகிவிடும். கொதிக்கவைத்தது என்று எழுதியிருக்கும் டின் ஒரு நாளில் காயும், பச்சை எண்ணெய் என்றால் வாரக்கணக்காகும். அப்புறம், எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கி மூலையில் போட்டுவிடாதீர்கள். அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும்; விளையாட்டில்லை. நான் வாளித் தண்ணீரில் நனைத்து, வெளியே விரித்துக் காயப்போட்டுத்தான் குப்பையில் போடுவேன்.

இரண்டு வருஷம் ஒரு குறையும் இல்லை. மூன்றாவது வருஷம் தலை லேசாக ஆட ஆரம்பித்தது. குற்றம் என்னுடையதுதான், ஒரு மாதத்துக்கு மேல் அதைத் தகரக் கொட்டகையில், கூரைக்குக் கீழேயே சொருகி வைத்திருந்தேன். மதியத்தில் அங்கே கை வைக்க முடியாது, அவ்வளவு சூடு. மரம் காய்ந்து சிறுத்துவிட்டது. எல்லாரும் செய்கிற வைத்தியத்தை நானும் செய்தேன்: ராத்திரி முழுக்க வாளித் தண்ணீரில் தலையை ஊறப்போட்டேன். காலையில் கல்லு மாதிரி இறுகியிருந்தது. இரண்டு வாரம் கழித்து முன்பைவிட மோசமாக ஆடியது. காரணம் இதுதான்: தண்ணீர் குடித்த மரம் உப்பும், இரும்புத் துளை இடம் கொடுக்காது, உப்ப இடமில்லாமல் நார்கள் நசுங்கிவிடும். காய்ந்த பிறகு மரம் பழைய அளவுக்கும் கீழே போய்விடுகிறது. தண்ணீருக்குப் பதிலாகப் புதிதாக ஓர் இரும்பு ஆப்பு அடித்தேன். சில காசு செலவு, பத்து நிமிஷ வேலை. அதற்குப் பிறகு தலை ஆடவே இல்லை.

ஆனால் 2022இல் பிடியை நானே முறித்தேன். இடித்துக்கொண்டிருந்த பழைய லயத்திலிருந்து செங்கால் கட்டைகள் வாங்கி வந்திருந்தோம். அதில் ஐந்து அங்குல ஆணிகள், துருவேறி மரத்தோடு மரமாக இறுகிக் கிடந்தன. கொம்பில் மாட்டி இரண்டு கையாலும் இழுத்தேன். ஆணி அசையவில்லை. பிடி தலைக்கு அடியில் “டக்” என்றது. சத்தம் சின்னதுதான், எனக்கு வயிற்றைக் கலக்கியது. மரப்பிடியின் பலவீனம் இதுதான். அடிப்பதை எத்தனை வருஷமும் தாங்கும், நெம்பினால் தாங்காது. சின்ன ஆணிக்குத் தலைக்குக் கீழே ஒரு கட்டைத் துண்டு வைத்து நெம்பினால் போதும், பெரிய ஆணிக்குக் கடப்பாரைதான்.

மாற்றுப் பிடி ஊரில் கிடைக்கவில்லை. ஈப்போ போகச் சோம்பல். வீட்டுக் கொல்லையில் வெட்டிய கொய்யாக் கிளை ஒன்று ஏழெட்டு மாதமாக நிழலில் கிடந்தது. அதைப் பாராங் கத்தியால் செதுக்கி, கண்ணாடிச் சில்லால் வழித்து வழவழப்பாக்கினேன். தலையைப் பொருத்துகிற விதம் பார்க்க வேடிக்கையாக இருக்கும். தரையில் வைத்துத் தலையை அடித்து இறக்கக்கூடாது. தலை கீழே தொங்கும்படி பிடியைக் கையில் பிடித்துக்கொண்டு, பிடியின் அடியைக் கொட்டாப்புளியால் தட்ட வேண்டும். ஒவ்வொரு தட்டுக்கும் பிடி கீழே இறங்கும், கனமான தலை இருந்த இடத்திலேயே நின்று கொஞ்சம் கொஞ்சமாகப் பிடியில் ஏறிக்கொள்ளும். துளையைத் தாண்டி இரண்டு மூன்று மில்லிமீட்டர் மரம் எட்டிப் பார்த்ததும் நிறுத்தி, முன்பே அறுத்து வைத்த பிளவில் மர ஆப்பு, பிறகு குறுக்கே இரும்பு ஆப்பு.

கொய்யாப் பிடி ஹிக்கரி அளவுக்கு அழகில்லை. நடுவில் ஒரு முடிச்சு, கட்டை விரல் அதில் சரியாகப் போய் உட்காரும், அதுவே இப்போது பழகிவிட்டது. மூன்று வருஷமாகக் கோழிக்கூடு, கூரைச் சட்டம், மகளின் புத்தக அலமாரி எல்லாம் இதில்தான்.

இதற்கு நடுவில் மச்சானுடைய முழு இரும்புச் சுத்தியலையும் வாங்கி அடித்துப் பார்த்தேன். உடையவே உடையாது, ஒத்துக்கொள்கிறேன். ஆணி பிடுங்க அதுதான் ராஜா. ஆனால் ஒரு நாள் முழுக்க மெராந்தி மரச் சட்டம் அடித்துவிட்டுச் சாயங்காலம் தேநீர்க் கோப்பையைத் தூக்கினால் முழங்கை பேசியது. போதாததற்கு அதன் ரப்பர் உறை நம் வெக்கையில் பிசுக்கென்று ஆகிவிட்டது, கையெல்லாம் கறுப்பு.

குறை சொல்ல வேண்டுமென்றால், 16 அவுன்ஸ் என் மனைவிக்குக் கனம். சும்மா படம் மாட்டவும் நாற்காலி சரிசெய்யவும் மட்டும் என்றால் 12 அவுன்ஸே போதும், அதையே வாங்குங்கள். இன்னொன்று, சிமெண்டு ஆணியை இதால் அடிக்காதீர்கள். அந்த ஆணி ரொம்பக் கெட்டியாக்கிய இரும்பு. ஒரு முறை அவசரத்துக்கு அடித்ததில் அடிமுகத்தின் ஓரத்தில் அரிசி அளவு சில்லு தெறித்துவிட்டது. கண்ணில் படாதது என் அதிர்ஷ்டம். அதே காரணத்துக்காகத்தான் சுத்தியலைச் சுத்தியலால் அடிக்கக்கூடாது என்பதும். செங்கால் பலகைக்கு முதலில் துளை போட்டு, ஆணியைச் சவுக்காரத்தில் தேய்த்து அடித்தால் வளையாமல் இறங்கும்.

இப்போது கொட்டகையில் இன்னொரு கொய்யாக் கிளை காய்கிறது, கூரையை விட்டு நன்றாகத் தள்ளித்தான். பக்கத்து வீட்டுத் தம்பி மாதத்துக்கு ஒரு தரமாவது வந்து, “அண்ணே, அந்தச் சுத்தியல்…” என்று இழுப்பான். கொடுக்காமல் இருக்க முடியாது. கொடுக்கும்போது கடப்பாரையையும் சேர்த்தே கையில் கொடுத்துவிடுகிறேன்.