150 டெசிபல் என்று விற்கும் கேம் காலர்: கயோட்டிக்கு வாங்குகிறவர்கள் படித்துவிட்டு வாங்குங்கள்

டெக்சஸ், ஓக்லஹோமா, நியூ மெக்சிகோ பக்கம் நிலம் வாங்கி ஆடு, கோழி வைத்திருக்கிற நம் ஆட்கள் இப்போது அங்கங்கே இருக்கிறார்கள். முக்கியமாக அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கயோட்டித் (ஓநாய், நரி வகையைச் சேர்ந்த வட அமெரிக்க விலங்கு) தொல்லைக்கு எலக்ட்ரானிக் கேம் காலர் தேடினால் ஆன்லைனில் ஒரு விளம்பரம் திரும்பத் திரும்ப வரும். 150 டெசிபல் சத்தம், 1000 கஜம் எட்டும் ரிமோட், 500 குரல்கள், ஆயுட்கால வாரண்டி, எல்லாம் சேர்த்து 89 டாலர். கடைப் பெயர் மாறிக்கொண்டே இருப்பதால் அதைச் சொல்லிப் பிரயோஜனம் இல்லை. எப்படி ஏய்க்கிறார்கள் என்பதைச் சொல்கிறேன்.

கேம் காலர் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு: ஸ்பீக்கரும் மெமரி கார்டும் உள்ள ஒரு பெட்டி, கையில் ஒரு ரிமோட். அடிபட்ட முயல் கத்துவது, கயோட்டிக் குட்டி அலறுவது, ஊளை என்று ஒவ்வொன்றாகப் போட்டால், இரை கிடைக்கும் என்றோ, தன் எல்லைக்குள் வேறொன்று வந்துவிட்டது என்றோ கயோட்டி தேடி வரும். ஊரில் நரிக்கு இதைச் செய்தால் 1972ஆம் ஆண்டு வனஉயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் உள்ளே போகவேண்டியதுதான். டெக்சஸில் கயோட்டிக்கு வேட்டைக்காலம் என்ற கட்டுப்பாடே கிடையாது. நிலத்துக்காரர் அனுமதி வேண்டும். ஹெச்1பி விசாவில் இருப்பவர்கள் ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். குடியேற்றம் அல்லாத விசாக்காரர்கள் துப்பாக்கி வைத்திருப்பது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் இருந்தால் விலக்கு உண்டு. லைசென்ஸ் எடுக்காமல் நண்பனின் துப்பாக்கியைக்கூடத் தொடாதீர்கள்.

நாங்கள் இருப்பது மேற்கு டெக்சஸில், சான் ஆஞ்சலோவுக்கு மேற்கே. ஆட்டுச் சந்தைக்குப் பேர்போன ஊர். சுற்றிலும் வெட்டவெளி. மெஸ்கீட் மரமும் சப்பாத்திக்கள்ளியும்தான். மெஸ்கீட் என்பது நம்மூர் சீமைக்கருவேலத்தின் பங்காளி, முள் அதே முள். ஆடு குட்டி போடும் சீசனில் கயோட்டி நடமாட்டம் கூடிவிடும். கிரேட் பிரனீஸ் காவல் நாய்கள் இரண்டு இருக்கின்றன, பெரும்பாலும் அவையே விரட்டிவிடும். ஆனால் நாய் ஒரு பக்கம் ஓடும்போது மறுபக்கம் வந்து குட்டியைத் தூக்குகிற அளவுக்குக் கயோட்டி சாமர்த்தியசாலி. அதனால்தான் அந்த 89 டாலர் காலரை ஆர்டர் செய்தேன்.

பார்சல் வந்தது. பெட்டியின் எடையே சரியில்லை. விளம்பரப் படத்தில் ஆள் இரண்டு கையால் தூக்கிக்கொண்டு நிற்கிறான். வந்ததை என் மகள் ஒரு விரலில் மாட்டிக்கொண்டு வந்தாள்.

முதலில் சத்தம். 150 டெசிபல் என்பது காதருகே துப்பாக்கி வெடிக்கிற கணக்கு. நிஜமாகவே அப்படி ஒரு பெட்டி இருந்தால் பக்கத்தில் நின்று பட்டனை அமுக்குகிறவன் காது அன்றைக்கே போயிருக்கும். எவ்வளவு தூரத்தில் வைத்து அளந்தது என்று சொல்லாத டெசிபலுக்கு அர்த்தமே இல்லை. சென்னை ரிச்சி தெருவில் ஆயிரம் வாட்ஸ் பிஎம்பிஓ (ஊதிப் பெருக்கிய வாட்ஸ் கணக்கு) என்று ஸ்டிக்கர் ஒட்டி விற்ற டேப் ரெக்கார்டர் மாதிரிதான் இதுவும். முழு வால்யூமில், ஒரு மீட்டர் தள்ளி, போனில் அளந்தபோது 98 காட்டியது. போன் ஆப் துல்லியமில்லை, சரி, ஐந்தாறு கூடக்குறைய இருக்கட்டும். 150 எங்கே, 98 எங்கே?

வெட்டவெளியில் இது ஏன் முக்கியம் என்றால், தூரம் இரட்டிக்க இரட்டிக்க 6 டெசிபல் குறைந்துகொண்டே போகும். ஒரு மீட்டரில் 110 கொடுக்கிற நல்ல மெஷினே 100 மீட்டரில் 70, 400 மீட்டரில் 58 என்று இறங்கிவிடும். 98ல் ஆரம்பித்தால் 400 மீட்டரில் 46தான். மேற்கு டெக்சஸ் காற்றில் புல் உரசுகிற சத்தமே அதை அமுக்கிவிடும். காற்றை எதிர்த்துப் போகும் சத்தம் மேல்நோக்கி வளைந்துவிடும் என்பதால், அந்தப் பக்கம் இன்னும் மோசம்.

இத்தனை சொன்னாலும், சத்தம் குறைவு என்பதை நான் பெரிய குறையாகச் சொல்லமாட்டேன். கயோட்டிக்கு நம்மைவிடப் பலமடங்கு காது. நல்ல வேட்டைக்காரர்கள் முதல் சில நிமிடம் மெதுவாகத்தான் போடுவார்கள். பக்கத்துப் புதரிலேயே ஒன்று படுத்திருந்தால் அலறல் கேட்டு ஓடிவிடும் என்று. இந்தப் பெட்டி மெதுவாக வைத்தால் உஸ்ஸென்று இரைகிறது, பாதிக்கு மேல் கூட்டினால் கரகரவென்று உடைகிறது. ஒரு குரல் முடிந்து திரும்ப ஆரம்பிக்கும் இடத்தில் ‘டக்’ என்று ஒரு வெட்டு. மேய்ச்சல் காட்டில் டக் என்று சத்தம் போடுகிற முயல் எங்கே இருக்கிறது?

மெமரி கார்டைக் கழற்றி லேப்டாப்பில் போட்டுப் பார்த்தேன். 500 கோப்புகள் இருந்தது உண்மை. ‘முயல் 1’, ‘முயல் 4’, ‘வேதனை முயல்’ மூன்றும் ஒரே கோப்பு, பெயர்தான் வேறு. இன்னொரு முயல் கடைசியில் இருமுகிறது. ஆம், மனித இருமல். யாரோ எடுத்த வீடியோவிலிருந்து ஒலியை உருவியிருக்கிறார்கள், எடுத்தவர் இருமியதும் சேர்ந்து வந்துவிட்டது. மிச்சத்தில் கணிசமான பங்கு வாத்து, புறா, காட்டு வாத்துக் கூட்டம். வலசைப் பறவைகளை எலக்ட்ரானிக் குரல் போட்டு வேட்டையாடுவது அமெரிக்காவில் கூட்டாட்சி விதிப்படி தடை. வெள்ளை வாத்து போன்ற சிலவற்றுக்குச் சிறப்பு அனுமதி இருக்கும் காலம் தவிர. விற்பவன் அதைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. வாங்கியவன் தெரியாமல் புறாக் குரல் போட்டு கேம் வார்டனிடம் (வேட்டைச் சட்டத்தைக் கண்காணிக்கும் அதிகாரி) மாட்டினால் அபராதம் அவன் தலையில்.

இப்போது ரிமோட். என்னைக் கேட்டால் வெட்டவெளியில் காலரின் உயிரே ரிமோட்தான், டெசிபல் இல்லை. காரணம் இது: கயோட்டி நேராக வராது. சுற்றி வளைத்து, காற்று போகும் பக்கமாகப் போய் மோப்பம் பிடித்துவிட்டுத்தான் கிட்டே வரும். ஆகவே மெஷினை நம்மைவிட்டு ஐம்பது, அறுபது கஜம் தள்ளி, காற்று வரும் பக்கமாக வைப்பார்கள். அது சுற்றி வரும்போது நம் முன்னால் கடக்கவேண்டும் என்பது கணக்கு. முந்நூறு கஜத்தில் நின்று உற்றுப்பார்க்கும்போது குரலைக் குறைக்கவேண்டும், மாற்றவேண்டும், சில நேரம் சட்டென்று நிறுத்தவேண்டும். காடாக இருந்தால் மரத்துக்கு மரம் ஒளிந்து போய் மெஷினைத் தொடலாம். இங்கே எழுந்து நின்றாலே கதை முடிந்தது.

1000 கஜம் என்று எழுதிய ரிமோட், நின்றுகொண்டு கையை உயர்த்திப் பிடித்தால் நூறு கஜத்தைத் தாண்டி வேலை செய்தது. தரையில் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டு அமுக்கினால், மெஷினும் தரையில் இருந்தால், வேட்டைக்கு வைக்கிற அந்த ஐம்பது கஜத்துக்கே திக்கியது. தரையோடு போகிற ரேடியோ அலைக்குத் தூரம் குறையும், அது எல்லாக் கம்பெனிக்கும் பொது. அதனால்தான் அனுபவஸ்தர்கள் மெஷினை வேலிக் கம்பத்திலோ புதர்க்கிளையிலோ இடுப்புயரத்தில் மாட்டுவார்கள். இதை மாட்டியும் பார்த்தேன். பெண் கயோட்டி ஒன்று மேட்டில் வந்து நின்றது. முயல் குரலை நிறுத்த அமுக்குகிறேன், நிற்கவில்லை. மறுபடி அமுக்குகிறேன், இரண்டு அமுக்கலையும் சேர்த்து வாங்கிக்கொண்டு ஊளை ஆரம்பித்தது, அதுவும் முழு வால்யூமில். அது வாலை மடக்கிக்கொண்டு போனது போனதுதான். பக்கத்து ரான்ச்சுக்காரர், எழுபதைத் தாண்டியவர், சிரித்துவிட்டுச் சொன்னார்: “இனிமேல் இந்தப் பெட்டிக் குரலுக்கு அது இந்த ஜென்மத்தில் வராது.” ஒருமுறை உஷாரான கயோட்டி அடுத்தமுறை எந்தக் காலருக்கும் யோசிக்கும். 89 டாலரை விட அந்த நஷ்டம் பெரியது.

திருகாணிகளைக் கழற்றினேன். வெளியே பார்க்க நீளமான ஹார்ன். உள்ளே கேசட் பிளேயரில் வருகிற அளவுக்கு ஒரு காகிதக் கூம்பு ஸ்பீக்கர், பசை ஊற்றி ஒட்டியது. பேட்டரிகளின் மேல் 9900 மில்லி ஆம்பியர் ஹவர் என்று அச்சு. 18650 அளவு லித்தியம் செல்லில் நல்ல கம்பெனிகள் தருவதே 3500ஐ ஒட்டித்தான். 9900 என்று எங்கே பார்த்தாலும் பொய் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ரிமோட்டின் பின்னால் எஃப்சிசி (அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம்) எண்ணும் இல்லை. ரேடியோ அலை அனுப்பும் பொருளை அமெரிக்காவில் விற்க அந்த அடையாள எண் இருக்கவேண்டும். எண் இருந்தால் எஃப்சிசி தளத்தில் போட்டு அனுமதி வாங்கிய கம்பெனி எது என்று பார்த்துவிடலாம்.

இனி ரீஃபண்ட் கதை. திருப்பி அனுப்ப 30 நாள் என்று போட்டிருந்தது. முதல் மெயிலுக்கு “டியர் ஃப்ரெண்ட்” என்று பதில்: பன்னிரண்டு மணி நேரம் சார்ஜ் போடுங்கள். அடுத்து, வீடியோ எடுத்து அனுப்புங்கள். அனுப்பினால், வீடியோ தெளிவாக இல்லை. பிறகு, பொருளை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், 15 சதவீதம் திருப்பித் தருகிறோம். மறுத்ததும், புது ரிமோட் அனுப்பியிருக்கிறோம், வரும்வரை பொறுங்கள். ரிமோட் வரவே இல்லை. 30 நாள் முடிந்த மறுநாள், கெடு தாண்டிவிட்டது, வேண்டுமானால் உங்கள் செலவில் வெளிநாட்டு முகவரிக்கு அனுப்புங்கள் என்றார்கள். தபால் செலவு பொருள் விலையைத் தாண்டும். மரியாதை குறையாமல், அவசரமில்லாமல், நாளைக் கடத்துவதுதான் இவர்கள் தொழில். இடையில் ஐந்து நட்சத்திரம் போட்டால் 20 டாலர் என்றும் ஒரு மெயில் வந்தது. அந்த விளம்பரத்தின் கீழே இருக்கிற புகழ்மாலைகளை எப்படிப் படிக்கவேண்டும் என்று இதிலிருந்தே தெரியும்.

கிரெடிட் கார்டில் வாங்கியதால் தப்பினேன். ஸ்டேட்மென்ட் வந்த தேதியிலிருந்து 60 நாளுக்குள் பேங்குக்கு எழுத்தில் புகார் தரவேண்டும். விற்பவனோடு பேசிக்கொண்டே அந்த 60ஐயும் தாண்டவிடாதீர்கள். வாங்கும்போதே விளம்பரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், பின்னால் அந்தப் பக்கமே இருக்காது. விளம்பரத்தின் படம், டெசிபல் அளந்த வீடியோ, மெயில் பரிமாற்றம் மூன்றையும் கொடுத்தேன். பேங்க் பணத்தைத் திருப்பிப் போட ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. டெபிட் கார்டிலோ பணம் அனுப்பும் ஆப்பிலோ கொடுத்திருந்தால் அதை மீட்பது இன்னும் கஷ்டமாகியிருக்கும்.

அதன்பிறகு சான் ஆஞ்சலோவிலேயே கடைக்குப் போய் வாங்கினேன். லக்கி டக், ஐகோடெக், பென்சில்வேனியாவின் ஃபாக்ஸ்ப்ரோ என்று பெயர் தெரிந்த கம்பெனிகள் இருக்கின்றன. நூற்றுச் சில்லறையில் தொடங்கி 600 டாலருக்கு மேலும் போகும். கடைக்காரரிடம் கேட்டு மெஷினை வண்டி நிறுத்தும் இடத்தின் ஒரு கோடியில் வைத்துவிட்டு, மறுகோடியில் குந்தி உட்கார்ந்து ரிமோட்டை அமுக்கிப் பார்த்தேன். வேடிக்கை பார்த்தவர்கள் பார்க்கட்டும். மெதுவாக வைத்தால் இரைச்சல் இருக்கிறதா, முழுசாக வைத்தால் உடைகிறதா, நிறுத்து என்றால் அந்தக் கணமே நிற்கிறதா, இந்த மூன்றும்தான் பார்த்தேன். இருநூறு குரல் இருந்தாலும் பயன்படுத்துவது முயல், எலி, குட்டி அலறல், இரண்டு மூன்று ஊளை, அவ்வளவுதான். ஜனவரிக் குளிரில் ஆல்கலைன் பேட்டரி சீக்கிரம் படுத்துவிடும். லித்தியம் ஏஏ போடுங்கள்.

அந்தப் பழைய விளம்பரம் இப்போது வேறு கடைப் பெயரில் ஓடுகிறது. விலை 79 ஆகியிருக்கிறது, டெசிபல் 160க்கு ஏறியிருக்கிறது. படம் அதேதான்: பனியில் நிற்கும் தாடிக்காரர், ஆரஞ்சு நிறப் பட்டை போட்ட ரிமோட், அதன் திரையில் ‘பேட்டரி’ என்ற ஆங்கிலச் சொல்லில் ஒரு எழுத்து விட்டுப்போயிருக்கும்.