மாற்று டர்போவில் ஆயில் கசிந்தால்: நான்கு வழிகளும் அவை விட்டுவைக்கும் சந்தேகங்களும்

இன்ஜினின் புகைவாயுவால் சுழன்று இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் டர்போசார்ஜர் (டர்போ) காரில் பழுதானால் நான்கு வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. அசல் தயாரிப்பாளரின் புதிய டர்போ, முறையாகப் புதுப்பிக்கப்பட்ட டர்போ, பழைய ஹவுசிங்குகளுக்குள் (வெளிக்கூடுகளுக்குள்) ஷாஃப்டும் பேரிங்குகளும் உள்ள நடுப்பகுதியான கார்ட்ரிட்ஜை மட்டும் மாற்றுவது, பெயர் தெரியாத நிறுவனத்தின் மலிவான புதிய நகல் ஆகியவையே அந்த நான்கு. இவற்றைப் பெரும்பாலும் விலையையும் உத்தரவாதக் காலத்தையும் வைத்தே ஒப்பிடுகிறார்கள். அவற்றைவிட முக்கியமான ஓர் அளவுகோல் உண்டு என்பது என் கருத்து: பொருத்திய சில வாரங்களில் மீண்டும் ஆயில் கசிந்தாலோ புகை வந்தாலோ, குற்றம் டர்போவினுடையதா இன்ஜினுடையதா என்பதை எவ்வளவு தெளிவாகப் பிரித்தறிய முடியும் என்பதே அது.

இந்த அளவுகோலுக்குக் காரணம் டர்போவின் சீல் வேலை செய்யும் விதம். ஷாஃப்டின் இரு முனைகளிலும் இருப்பது ரப்பர் சீல் அன்று. பிஸ்டன் ரிங் போன்ற மெல்லிய உலோக வளையம். அது ஆயிலை இறுக்கிப் பிடித்து நிறுத்துவதில்லை. இயங்கும்போது, காற்றை அழுத்தும் கம்ப்ரசர் பக்கமும் புகைவாயு சுழற்றும் டர்பைன் பக்கமும் உள்ள அழுத்தம் நடுப்பகுதியின் அழுத்தத்தைவிட அதிகமாக இருப்பதால்தான் ஆயில் உள்ளேயே நிற்கிறது. பேரிங்குகளை நனைத்த ஆயில், எந்தப் பம்பின் உதவியும் இல்லாமல், தன் எடையாலேயே திரும்புகுழாய் வழியாக, இன்ஜினின் அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்புக்கு இறங்கியாக வேண்டும். ஆகவே திரும்புகுழாய் நசுங்கியிருந்தாலும், அதன் கேஸ்கட் துளையை மறைத்துப் பொருத்தப்பட்டிருந்தாலும், சம்ப்பில் ஆயில் அளவுக்கு மேல் நிரம்பியிருந்தாலும், இன்ஜினுக்குள் சேரும் வாயுவைக் காற்றுக் குழாய்க்கு வெளியேற்றும் பிரீதர் அடைபட்டு இன்ஜினின் அடிப்பகுதியில் அழுத்தம் கூடியிருந்தாலும், எந்தக் குறையும் இல்லாத டர்போவும் கசியத்தான் செய்யும். ஏர் ஃபில்டர் அடைபட்டால் கம்ப்ரசர் சக்கரத்தின் பின்புறம் வெற்றிடம் உண்டாகி, அந்தப் பக்கத்தில் மட்டும் ஆயில் உறிஞ்சப்படும்.

அசல் புதிய டர்போவின் உண்மையான மதிப்பு இங்கேதான் இருக்கிறது. சிறிய கார் டர்போக்களின் ஷாஃப்ட் நிமிடத்திற்கு 2,00,000 சுற்றுகளையும் தாண்டிச் சுழலும். அந்த வேகத்தைத் தாங்குமாறு நடுப்பகுதி முழுவதும் கோக்கப்பட்ட நிலையில் சமநிலைப்படுத்தப்பட்டும், வேரியபிள் வகையாக இருந்தால் டர்பைனுக்குள் வாயு நுழையும் வழியைக் கூட்டிக் குறைக்கும் அதன் நகரும் தகடுகளான வேன்கள் காற்றோட்ட அளவீட்டின்படி அமைக்கப்பட்டும் தொழிற்சாலையிலிருந்து வருகின்றன. எனவே இத்தகைய டர்போ பொருத்திய பின் இரு பக்கமும் ஆயில் தெரிந்தால், அதைக் கழற்றுவதற்கு முன்பே திரும்புகுழாயையும் பிரீதரையும் நியாயமாகச் சந்தேகிக்கலாம். ஆயில் ஊற்றும் மூடியிருக்கும் இடத்திலோ டிப்ஸ்டிக் குழாயிலோ அழுத்தமானியை இணைத்து அடிப்பகுதி அழுத்தத்தை அளப்பதும், திரும்புகுழாயைக் கழற்றி அதன் உட்புறம் முழுவதும் திறந்திருக்கிறதா என்று பார்ப்பதும் அதிக நேரம் பிடிக்காத சோதனைகள். ஆனால் மெக்கானிக் முதலில் செய்வது பெரும்பாலும் டர்போவைக் கழற்றி விற்றவரிடம் அனுப்புவதுதான். அது குறையின்றித் திரும்பி வரும்போது கார் பல நாள்கள் நின்றிருக்கும்.

புதுப்பிக்கப்பட்ட டர்போவை ஒரே வகையாகக் கருத முடியாது. காரெட், போர்க்வார்னர் போன்ற தயாரிப்பாளர்களே தங்கள் டர்போக்களைப் புதுப்பித்து விற்கிறார்கள். அவற்றில் தேய்ந்த பாகங்கள் மாற்றப்பட்டு, சமநிலையும் வேன் அமைப்பும் மீண்டும் சரிபார்க்கப்படுவதால், கசிவைக் கண்டறியும் முறையில் அவற்றைப் புதியதாகவே பாவிக்கலாம். தனிப் பட்டறைகள் புதுப்பித்துத் தருபவற்றுக்கு இந்த நம்பிக்கையை அப்படியே நீட்டிக்க இயலாது. ஷாஃப்டையும் சக்கரத்தையும் தனித்தனியே குறைந்த வேகத்தில் சமநிலைப்படுத்துவது ஒன்று; கோத்து முடித்த நடுப்பகுதியை இயங்கும் வேகத்துக்கு அருகே சுழற்றி எஞ்சிய அதிர்வைத் திருத்துவது வேறொன்று. இரண்டாவதைச் செய்த பட்டறை அதற்கான அளவீட்டுத் தாளைத் தருவதற்குத் தயங்காது. அந்தத் தாள் இல்லையென்றால் பின்னால் வரும் ஒவ்வொரு கசிவிலும் பேரிங் தேய்மானத்தைச் சந்தேகப் பட்டியலில் வைத்தே தீர வேண்டும்.

கார்ட்ரிட்ஜை மட்டும் மாற்றுவதில்தான் குழப்பம் மிகுதி. நடுப்பகுதி புதியது, ஆனால் இரு ஹவுசிங்குகளும் பழையவை. முந்தைய டர்போவின் சக்கரம் உரசியிருந்தால் ஹவுசிங்கின் உட்சுவரில் கீறல் இருக்கும். டர்பைன் ஹவுசிங்கில் வெப்ப விரிசல் இருக்கலாம். வேரியபிள் வகையில் வேன்கள் கரி படிந்து இறுகியிருக்கலாம். கோத்த பிறகு வேன்களின் குறைந்தபட்சத் திறப்பைத் திருகைப் பார்த்துக் கண்ணளவில் வைத்துவிட முடியாது. அதற்குக் காற்றோட்டத்தை அளக்கும் சோதனை மேடை தேவை. அந்த அமைப்பு தவறினால் குறைந்த வேகத்தில் இழுவை போகும், அல்லது அளவு மீறிய பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்) வந்து, இன்ஜின் தன் திறனைக் குறைத்துக்கொள்ளும் பாதுகாப்பு நிலைக்குச் செல்லும். கசிவிலும் ஒரு தனிச் சிக்கல் உண்டு. கம்ப்ரசர் ஹவுசிங்கும் நடுப்பகுதியும் சேரும் இடத்தில் உள்ள ஓ-ரிங் சரியாக அமராவிட்டால், பிரீதர் வழியாக வரும் ஆயில் ஆவியைப் பூஸ்ட் காற்று அந்த இணைப்பின் வழியே வெளியே தள்ளும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது பேரிங் சீல் போய்விட்டதைப் போலவே தோன்றும். நல்ல கார்ட்ரிட்ஜ் ஒன்று வீணாகக் குற்றஞ்சாட்டப்படும். ஹவுசிங்கில் கீறலே இல்லாத, வேன்கள் அற்ற எளிய வகை டர்போவுக்கு, சமநிலைத் தாளுடன் வரும் கார்ட்ரிட்ஜ் சிக்கனமான தேர்வே. வேரியபிள் டீசல் டர்போவுக்கு நான் அதைத் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

மலிவான நகலைப் பற்றி அதிகம் சொல்ல ஏதுமில்லை. டர்பைன் சக்கரத்தின் உலோகக் கலவையும் பேரிங் இடைவெளியும் எப்படி இருக்கின்றன என்பதைப் பார்வையால் அறிய வழியில்லை. எனவே கசிந்தால் டர்போ, இன்ஜின், பொருத்திய விதம் என்ற மூன்றையும் ஒரே நேரத்தில் சந்தேகிக்க நேர்கிறது.

நான்கில் எதைத் தேர்ந்தெடுத்தாலும் பயனில்லாத நிலையும் ஒன்று உண்டு. பியூஜோ, சித்ரோன், ஃபோர்டு முதலிய பல நிறுவனங்களின் கார்களில் பயன்பட்ட 1.6 லிட்டர் டீசல் இன்ஜின் இதற்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு. அதில் இன்ஜெக்டரின் செப்பு வாஷர் கசிந்தால் எரிந்த வாயு உள்ளே புகுந்து ஆயிலில் கரி சேர்கிறது. அந்தக் கரி சம்ப்பின் வடிகட்டியையும், டர்போவுக்கு ஆயில் கொண்டு செல்லும் மெல்லிய குழாயையும், அதன் போல்ட்டில் உள்ள சிறு வலையையும் அடைக்கிறது. இவற்றைச் சுத்தம் செய்யாமல் பொருத்தினால், தரமான புதிய டர்போவும் ஆயில் பட்டினியால் விரைவிலேயே அழியும். ஷாஃப்ட் நீலமாகக் கறுத்திருந்தால் ஆயில் போதவில்லை என்றும், பேரிங்கில் வரிவரியாகக் கீறல் இருந்தால் ஆயிலில் அழுக்கு இருந்தது என்றும் கொள்ளலாம். ஆயில் நுழையும் கேஸ்கட்டில் சிலிக்கான் பசை தடவுவதும் இதே விளைவைத் தரும். பிதுங்கிய பசையின் ஒரு துணுக்கு போதும், துளை அடைபட. டீசல் கார்களில் புகைத்துகள் வடிகட்டியின் அடைப்பையும் இந்த வரிசையில் சேர்க்க வேண்டும். பின்னழுத்தம் கூடும்போது சூடான வாயு டர்பைன் பக்க வளையத்தைக் கடந்து நடுப்பகுதிக்குள் நுழைந்து ஆயிலைக் கரியாக்குகிறது. ஷாஃப்டை அச்சுவாக்கில் தாங்கும் த்ரஸ்ட் பேரிங்கும் சுமை கூடித் தேய்கிறது.

கசிவே இல்லாத கசிவுகளும் உண்டு. பழைய டர்போ கொட்டிய ஆயில், டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரிலும் சைலன்சரிலும் தங்கியிருந்தால், புதியதைப் பொருத்திய பின்னும் அது எரிந்து தீரும்வரை நீலப் புகை வரும். டீசல் இன்ஜினில் இன்டர்கூலரில் தேங்கிய ஆயிலை இன்ஜின் எரிபொருளாக உறிஞ்சிக் கட்டுப்பாடின்றி ஓடவும் கூடும் என்பதால், அதைக் கழுவாமல் விடுவது ஆபத்து. டர்போவுக்கு முன்னுள்ள காற்றுக் குழாயிலேயே ஈரம் இருந்தால் ஆயில் பிரீதரிலிருந்து வருகிறது. மெல்லிய படலம் மட்டும் இருந்தால் அது இயல்பே. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் ஆயில் இருந்தால் அது சிலிண்டர்களிலிருந்து வந்தது. ஷாஃப்டைக் கையால் பக்கவாட்டில் ஆட்டும்போது சற்று அசைவது கண்டு மிரள வேண்டியதில்லை. சாதாரண பேரிங் ஆயில் படலத்தின் மேல் மிதக்குமாறு அமைந்தது. சக்கரம் ஹவுசிங்கைத் தொட்டாலோ, முன்பின்னாகத் தெளிவாக உணரும்படி நகர்ந்தாலோதான் தேய்மானம் என்று முடிவு செய்யலாம்.

புதுப்பிக்கப்பட்ட டர்போவை வாங்கும்போது பழையதைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும். அதோடு முதல் பழுதின் காரணத்திற்கான சான்றும் போய்விடுகிறது. ஆகவே அதைக் கட்டி அனுப்புவதற்கு முன், இரு சக்கரங்களின் முனைகள், ஆயில் நுழையும் துளை, திரும்பும் துளை, திறந்து பார்க்க அனுமதி இருந்தால் ஷாஃப்டின் நிறம் ஆகியவற்றைத் தெளிவாகப் படமெடுத்து வைத்துக்கொள்வது நல்லது. புதிதாக வந்ததை மட்டும் எக்காரணத்தாலும் பிரிக்கக் கூடாது. பிரித்த டர்போவுக்கு உத்தரவாதம் பெரும்பாலும் செல்லாது.