வெள்ளவத்தைக் கடற்காற்றில் மூன்று மரச்சிலைகள்: 11 வருட அனுபவம்

மரத்தில் செதுக்கிய சாமிச் சிலை வாங்கலாமா, கொழும்பு ஈரத்துக்குத் தாங்குமா என்று போன மாதம் மட்டும் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதிவிடுவது நல்லது. தாங்கும். ஆனால் எந்த மரம், அதில் எந்தப் பக்கம், வாங்கிய பிறகு நாம் அதற்கு என்ன செய்கிறோம், முக்கியமாக என்ன செய்யாமல் விடுகிறோம், இதையெல்லாம் பொறுத்தது. எங்கள் வீடு வெள்ளவத்தையில் நாலாம் மாடி. கடல் பக்கத்து யன்னலைத் திறந்தால் உப்புக்காற்று நேரே சாமியறைக்குத்தான் வரும். புதிதாகப் போட்ட இரும்புப் பிணைச்சல் ஒரு வருடத்தில் துருப்பிடிக்கும் வீடு. இங்கே நிற்கிற சிலை வேறெங்கும் நிற்கும்.

முதலில் வந்தவர் பிள்ளையார், 2014 இல். திருச்சிக்குப் போன பயணத்தில், பச்சைமலை அடிவாரத்தில் இருக்கும் அரும்பாவூருக்கும் போனோம். பெரம்பலூர் மாவட்டத்து ஊர். மரச்சிற்பத்துக்காக 2020 இல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அதே ஊர்தான். நாங்கள் போனபோது அந்தப் பேச்சே இல்லை, வீட்டுக்கு முன்னால் தகரக் கொட்டகையில் உட்கார்ந்து செதுக்கிக்கொண்டிருந்தார்கள். கட்டையில் பென்சிலால் கோடு போட்டு, வாய்ச்சியால் பருமட்டாக வெட்டி, பிறகு உளியும் கொட்டாப்புளியும். ஒற்றைக் கட்டை, ஒட்டு கிடையாது. மரம் தூங்குமூஞ்சி வாகை. நான் இரண்டு பிள்ளையார்களைக் கையில் வைத்துக்கொண்டு முகத்தையே மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தச் சிற்பி சொன்னார், "முகத்த அப்புறம் பாருங்கம்மா, முதல்ல முதுகத் திருப்பிப் பாருங்க."

இந்தப் பதிவில் வேறெதையும் ஞாபகம் வைக்காவிட்டாலும் அதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். முகத்தை எல்லோரும் பார்ப்பார்கள் என்று முகத்துக்கு நல்ல மரம் வந்துவிடும். முதுகிலும் அடியிலும்தான் வெளிறிய மஞ்சள் மரம் மிஞ்சி நிற்கும். பட்டைக்கு உட்புறமாக இருக்கும் வெள்ளைப் பகுதி அது. மாச்சத்து உள்ள மரம், வண்டுக்கு விருந்து. உள்ளே இருக்கும் வைரம்தான் கறுத்த பழுப்பாக உறுதியாக இருக்கும். நான் எடுத்த பிள்ளையாருக்கு வயிறு முழுக்க வைரம். மரத்தின் வளையங்கள் தொந்தியில் ஒன்றுக்குள் ஒன்றாகச் சுழித்து, தொப்புளில் போய் முடியும்படி கட்டையைத் திருப்பி வைத்துச் செதுக்கியிருந்தார். அதைப் பார்த்த பிறகு என்னால் கீழே வைக்க முடியவில்லை. அடியில் இரண்டு விரல் அகலத்துக்கு மஞ்சள் இருந்தது. பார்த்தேன். பரவாயில்லை என்று நினைத்தேன்.

2016 இல் ஒரு வெள்ளிக்கிழமை, தட்டைத் துடைக்க சிலையைத் தூக்கினால் அடியில் கோதுமை மா மாதிரி ஒரு சிறு குவியல். துடைத்து வைத்தேன், மூன்றாம் நாள் திரும்பவும் இருந்தது. உளுப்பூச்சி. குண்டூசித் தலை அளவில் ஏழு துளைகள், ஏழும் அந்த மஞ்சள் பகுதியில், வைரத்தில் ஒன்றுகூட இல்லை. மண்ணெண்ணெய் ஊற்று, வேப்பெண்ணெய் பூசு என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். சாமி இருக்கும் இடத்தில் மண்ணெண்ணெய் வாடையா என்று அம்மாவுக்கு மனம் ஒப்பவில்லை, எனக்கும்தான். அருங்காட்சியகங்களில் மரப்பொருளை உறைய வைத்துப் பூச்சியைக் கொல்லும் முறை ஒன்று உண்டு. பொலித்தீனில் காற்றில்லாமல் நன்றாகச் சுற்றி, மைனஸ் 18 பாகையில் இரண்டு வாரம். வெளியே எடுத்தாலும் உடனே பிரிக்கக் கூடாது. ஒருநாள் சுற்றியபடியே விட்டு அறை வெப்பத்துக்கு வந்த பிறகுதான் பிரிக்க வேண்டும், இல்லாவிட்டால் மரத்தில் தண்ணீர் வியர்த்துவிடும்.

எங்கள் பிரீசரில் மீன் இருக்கும், அதற்குள் பிள்ளையாரை எப்படி வைப்பது? இரண்டாம் மாடி மாமி வீடு சுத்த சைவம். கேட்டதும், "கொண்டா பிள்ளை, இதெல்லாம் கேக்க வேணுமே" என்றார். ஒரு தட்டை முழுக்க ஒழித்து, மஞ்சள் தண்ணீரால் துடைத்து, வெள்ளைத் துணி விரித்து இடம் கொடுத்தார். அந்த இரண்டு வாரமும் காலையில் பிரீசருக்கு முன்னால் ஒரு பூ வைத்தாராம். அதற்குப் பிறகு இன்றுவரை மா கொட்டவில்லை. துளைகளைத் தேன்மெழுகால் அடைத்தேன், புதிய துளை வந்தால் உடனே தெரிய வேண்டும் என்பதற்காக.

முருகன் வந்தது 2017 இல். ஊர் வீட்டைத் திருத்தியபோது கழற்றிய பழைய பலாமரக் கதவு நிலை ஒன்று அம்மாவுக்கு மனம் விடாமல் கிடந்தது. தாத்தா காலத்து நிலை. அதை யாழ்ப்பாணத்தில் கோயில் வாகனம் செதுக்கும் ஓர் ஆசாரியாரிடம் கொடுத்தோம். நிலையின் அகலமே நாலு அங்குலம் என்பதால் மயில் வைக்க இடமில்லை, நின்ற கோலத்தில் தனி முருகன்தான் வரும் என்றார். சரி என்றோம். மூன்று சிலைகளில் ஒரு கீறல்கூட விடாதது இதுதான். புது மரம் என்றால் காயக் காயச் சுருங்கும், வெடிக்கும். 60 வருடம் கதவைத் தாங்கிய மரம் தன் சுருக்கத்தை எல்லாம் எப்போதோ முடித்துவிட்டது. வெளியே கறுத்திருந்த நிலைக்குள் பலாவின் மஞ்சள் அப்படியே இருந்தது. பௌத்த பிக்குமார் உடுத்தும் சீவரத்துக்கு முன்பெல்லாம் சாயம் எடுத்தது இந்தப் பலாவைரத்தில்தானே, அந்த நிறம். வந்த அன்று முருகன் தங்கம் மாதிரி இருந்தார், மூன்று வருடத்தில் தேன் நிறம், இப்போது நல்ல பழுப்பு. நிறம் மாறுகிறதே என்று பயப்பட வேண்டாம், பலா அப்படித்தான்.

இதில் ஒரு தவறு நடந்தது. வேலைச் சாய்த்துப் பிடித்த மாதிரிச் செதுக்கச் சொன்னது நான். மரத்தின் நார் மேலிருந்து கீழாக ஓடும், சாய்ந்த வேலில் அது குறுக்கே வெட்டுப்பட்டுவிடும். அப்படிப்பட்ட மெல்லிய இடத்துக்குப் பலமே இருக்காது. 2019 இல் தூசி தட்டும்போது வேலின் இலை மொட்டென்று முறிந்து என் கையோடு வந்தது. அன்று முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பின்னமான சிலையை வைக்கலாமா என்று குருக்களிடம் கேட்டோம். அங்கம் முறியவில்லை, ஆயுதம்தான், வேலை மாற்றி வையுங்கள் என்றார். செட்டியார் தெருவில் சின்னப் பித்தளை வேல் ஒன்று வாங்கி, மரத்தண்டை எடுத்துவிட்டுக் கைக்குள் பொருத்தினோம். அந்த வருடம் ஆடிவேல் தேர் காலி வீதியால் வந்தபோது புதுவேலோடு இருந்தார். முருகன் வாங்குபவர்கள் வேலைத் தனியாகக் கேளுங்கள், பித்தளையோ வெள்ளியோ. பிள்ளையாருக்குத் தும்பிக்கை உடம்போடு ஒட்டியிருக்கிறதா பாருங்கள். நடராசருக்குத் திருவாசி, தூக்கிய கால், பறக்கும் சடை எல்லாமே குறுக்கு நார் விழும் இடங்கள், அதனால் மரத்தில் சின்ன நடராசர் வாங்க நான் தயங்குவேன். அவருக்கு ஐம்பொன்தான் சரி.

அளவு பற்றியும் கேட்கிறார்கள். ஒரு சாணுக்கு மேல் போனால் வேளைக்கு நைவேத்தியம் வேண்டும் என்று எங்கள் குருக்கள் சொன்னார், எங்கள் மூன்றும் அதை ஒட்டித்தான். அந்த அளவில் இன்னொரு வசதி, ஒரு கையால் தூக்கி அடியைப் பார்க்கலாம்.

அபிஷேகம் கிடையாது. இதில் மட்டும் யார் சொன்னாலும் இணங்காதீர்கள். அம்மா ஒருநாள் கேட்டார், "காஞ்சிபுரத்து அத்தி வரதர் 40 வருஷம் குளத்துக்குள்ளேயே இருக்கிறார், ஒண்டும் ஆகேல்லையே?" நியாயமான கேள்வி. 1979 இல் வெளியே வந்தவர் அனந்தசரஸ் குளத்திலிருந்து மறுபடி 2019 இல்தான் வந்தார், 48 நாள் தரிசனம் கொடுத்து உள்ளே போனார். மரம் முழுக்கத் தண்ணீருக்குள் இருந்தால் அதை உளுக்கவைக்கும் பூஞ்சணத்துக்குக் காற்று கிடையாது. நனைவதும் காய்வதுமாக இருப்பதுதான் மரத்தைக் கொல்லும். குளத்தில் நட்ட கட்டை தண்ணீர் மட்டத்தில்தானே முதலில் இற்றுப்போகிறது. வெள்ளிக்கு வெள்ளி பால் ஊற்றித் துடைப்பது அந்த மோசமான நிலைதான். பூரி ஜெகந்நாதருக்கு வேப்பமரத் திருமேனி, அதையே 1996 இலும் 2015 இலும் புதிதாகச் செய்து மாற்றினார்கள். அங்கேயே மரத்துக்கு வயது உண்டு என்று ஒத்துக்கொள்ளும்போது, நாம் அந்த வயதைக் குறைக்காமல் இருந்தால் போதும்.

குங்குமம், சந்தனம் இரண்டும் கறை. கடைக் குங்குமத்தின் சாயம் மரத்துக்குள் இறங்கினால் வராது, பிள்ளையாரின் நெற்றியில் ஒரு காசளவு சிவப்பு இன்னும் இருக்கிறது. இப்போது பொட்டெல்லாம் முன்னால் வைத்த பித்தளைத் தட்டில். காய்ந்த விபூதி பரவாயில்லை. பூவை இரவில் எடுத்துவிடுவேன், ஈரப்பூ ஒரு இரவு கிடந்தால் காலையில் வெள்ளை வட்டம். துடைக்க அரை அங்குல பெயின்ட் தூரிகை, தும்பிக்கைக்கும் தொந்திக்கும் நடுவே உள்ள இடுக்குக்குக் குழந்தைகளின் பல்துலக்கி. தேங்காய் எண்ணெய் பூசுபவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள், அது காயாத எண்ணெய், தூசி ஒட்டி சிக்கு வாடை வரும். காயும் எண்ணெய் ஆளிவிதை எண்ணெய், பெயின்ட் கடையில் லின்சீட் ஒயில் என்று கேட்டால் தருவார்கள். வருடத்துக்கு ஒருதரம், மழை குறைந்த ஜனவரியில், நாலே நாலு சொட்டு துணியில் எடுத்துத் தேய்த்து, மிச்சத்தை ஒற்றி எடுத்துவிடுவேன். அந்தத் துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள், தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது. தண்ணீரில் நனைத்து, விரித்துக் காயப்போட்ட பிறகுதான் எறிய வேண்டும்.

சிலைகளுக்கு மிக மோசமான காலம் 2022. மார்ச் கடைசியில் 13 மணிநேர மின்வெட்டு வந்த நாட்களில் விசிறி இல்லை, காற்றோட்டம் இல்லை, சாமியறை விளக்குத்தான் வீட்டுக்கே வெளிச்சம். முகங்களில் புகைக்கரி ஏறிவிட்டது. அடுத்து வந்த தென்மேற்கு மழையில் முதுகுகளில் சாம்பல் நிறப் பூஞ்சணம். காய்ந்த துணியால் துடைத்து, சுவரோடு ஒட்டி இருந்தவர்களை மூன்று விரல் முன்னால் நகர்த்தி வைத்தேன். அவ்வளவுதான், அதற்குப் பிறகு வரவில்லை. சுவருக்கும் சிலைக்கும் நடுவே காற்று ஓட வேண்டும்.

மூன்றாவது, கருங்காலி லட்சுமி. கருங்காலி மாலை, கருங்காலிச் சிலை என்று எல்லோரும் தேடிக்கொண்டிருந்த 2023 இல், இங்கே ஒரு கடையில் வாங்கினேன். வாங்கும்போதே கை சொன்னது, பாரம் காணாது என்று. கருங்காலி வைரம் தண்ணீரில் தாழும் மரம், இது பலகைபோல இருந்தது. ஈரத்துணியால் பாதத்தைத் துடைத்தேன், துணி கறுப்பு. திருப்பிக் கொண்டுபோனால் சாமிச் சிலையை மாற்றிக் கொடுப்பதில்லை என்றார்கள். சாமியின் பெயரில் பொய் சொல்லி விற்பதை என்னால் இன்னும் ஏற்க முடியவில்லை. ஆனாலும் வீட்டுக்கு வந்த லட்சுமியை எங்கே அனுப்புவது? இருக்கிறாள், உலர்ந்த தூரிகை மட்டும்.

இனி வாங்குவதென்றால் பழைய மரத்தில் சொல்லிச் செய்விப்பேன், பலாவோ முதிரையோ. ஆனால் இந்த மூன்றில் எனக்கு நெருக்கம் பிள்ளையார்தான். அவரது இடது காதுக்குப் பின்னால் இரண்டாம் வருடமே ஒரு வெடிப்பு விழுந்தது. எங்கள் தளபாட வேலைக்கு வந்த மொறட்டுவைத் தச்சு பாஸ் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, பசையும் மரத்தூளும் வைத்து அடைக்காதீர்கள், மழைக்கு மரம் ஊதும்போது அடைத்தது தள்ளி இன்னும் பெரிதாகப் பிளக்கும் என்று சிங்களத்தில் சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து ஒரு விசிட்டிங் கார்டை வைத்துப் பார்க்கிறேன். பெப்ரவரி வெயிலில் கார்ட் முழுசாக உள்ளே போகும். ஒக்டோபர் மழை தொடங்கி இரண்டு வாரத்தில் முனைகூட நுழையாது. நேற்றும் வைத்துப் பார்த்தேன், மூடியிருக்கிறது.