பேட்டரி செத்த கன்ட்ரோலரும் 120 என்ற எண்ணும்

இந்த சர்வரை ஐந்து ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். லினக்ஸ், அதன்மேல் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ். நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் டிஸ்க்குகள் ஆறு, ஒவ்வொரு தரவையும் இரண்டு டிஸ்க்குகளில் எழுதிவைக்கும் ரெய்டு 10 அமைப்பில். அவற்றுக்கு முன்னால், எழுத வருவதைத் தற்காலிகமாக வாங்கி வைக்கும், பேட்டரியுடன் கூடிய கேஷ் நினைவகம் கொண்ட ஒரு ரெய்டு கன்ட்ரோலர். முதல் மூன்று ஆண்டுகளைப் பற்றி எழுத எதுவுமே இல்லை. சர்வருக்கு அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

நான்காம் ஆண்டில் ஒரு மாத இறுதி. வழக்கமாக 40 நிமிடத்தில் முடியும் கணக்கு முடிப்பு, விடிந்த பிறகும் ஓடிக்கொண்டிருந்தது. சிபியு சும்மா இருக்கிறது. டிஸ்க் வேலையைக் காட்டும் ஐஓஸ்டாட் கட்டளையில் பார்த்தால் டிஸ்க்குக்கு 100 விழுக்காடு வேலை. ஆனால் நொடிக்கு எழுதப்படுவதோ ஒன்றிரண்டு எம்பி.

டேட்டாபேஸைத்தான் முதலில் சந்தேகித்தேன். பழைய வரிசைகளைத் துப்புரவாக்கும் ஆட்டோவேக்யூமை நிறுத்தினேன், நினைவகத்தில் மாறியவற்றை டிஸ்க்கில் எழுதும் செக்பாயிண்ட் இடைவெளியை 5 நிமிடத்திலிருந்து 30 ஆக்கினேன், பாவம், தேடலை விரைவாக்கும் இண்டெக்ஸ்கள் இரண்டையும் நீக்கினேன். இரண்டு நாள் வீண். நடுவில் டிடி கட்டளையால் ஒரு பெரிய கோப்பை எழுதிப் பார்த்தபோது நொடிக்கு 900 எம்பி என்றது. ரெய்டு 10இல் இந்த ஆறு டிஸ்க்குகளும் சேர்ந்து எழுதினாலும் வராத வேகம் அது. அப்போதே விழித்திருக்க வேண்டும். கோப்பு டிஸ்க்கைத் தொடவே இல்லை. கெர்னல் அதை நினைவகத்தில் வாங்கி வைத்துக்கொண்டு ‘ஆயிற்று’ என்று சொல்லிவிட்டது.

டேட்டாபேஸுக்கு அந்த ‘ஆயிற்று’ போதாது. ஒவ்வொரு கமிட்டின்போதும், அதாவது ஒரு மாற்றத்தை உறுதிசெய்யும்போதும், மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் வால் (WAL) பதிவேடு நிலையான சேமிப்புக்குப் போய்ச் சேர்ந்ததா என்று எஃப்சிங்க் வகை அழைப்பால் கேட்டு, பதில் வரும்வரை காத்திருக்கும். (பெயர் வால் என்றாலும் தலை அதுதான்.) ஆகவே அளக்க வேண்டியது எம்பி கணக்கை அல்ல, அந்தப் பதில் வர ஆகும் நேரத்தை. போஸ்ட்கிரெஸுடனேயே வரும் பிஜி_டெஸ்ட்_எஃப்சிங்க் கருவியை ஓட்டினேன். நொடிக்கு 117 பதில்கள்.

7200ஐ 60ஆல் வகுத்தால் 120. அதாவது ஒவ்வொரு கமிட்டும் தட்டு ஒரு முழுச் சுற்று சுற்றி வரக் காத்திருக்கிறது. நடுவில் இருக்க வேண்டிய கேஷ் வேலை செய்யவில்லை. கன்ட்ரோலரின் கட்டளைக் கருவியில் பார்த்தால், பேட்டரி பழுது. அதனால் கன்ட்ரோலர், கேஷில் வாங்கியதுமே ‘ஆயிற்று’ என்று சொல்லும் ‘ரைட் பேக்’ முறையிலிருந்து, டிஸ்க்கில் எழுதிய பிறகே சொல்லும் ‘ரைட் த்ரூ’ முறைக்குத் தானாகவே மாறியிருந்தது. மின்சாரம் போனால் கேஷில் உள்ளதைக் காக்க வழியில்லை என்பதால் அது செய்தது முற்றிலும் சரி. பழுது 9 நாட்களுக்கு முன்பே நடந்திருந்தது. பகலில் கமிட்டுகள் குறைவு, யாரும் உணரவில்லை. பீப் ஒலியும் எழுப்பியிருக்கும்; அந்த மின்விசிறி இரைச்சலில் யார் கேட்பது?

இன்னொன்றும் அப்போதுதான் விளங்கியது. சில மாதங்களுக்கு ஒருமுறை காரணமில்லாமல் சில மணி நேரம் மந்தமாகி, பிறகு தானே சரியாகிவிடும். பேட்டரி தன்னைச் சோதிக்க முழுவதும் வடிந்து மீண்டும் ஏறும் நேரம் அது. அதுவரை கேஷ் ஓய்வு. நாங்கள் நெட்வொர்க்கைத் திட்டிக்கொண்டிருந்தோம்.

புதிய பேட்டரி வரும்வரை என்ன செய்வது? பேட்டரி இல்லாமலே ரைட் பேக்கைக் கட்டாயப்படுத்தலாம் என்றார் சக ஊழியர். மறுத்துவிட்டேன். எஃப்சிங்கை அணைக்கும் யோசனைக்கும் அதே பதில்: மின்வெட்டில் டேட்டாபேஸே சிதைந்துபோகலாம். கணக்கு முடிப்பு செஷனுக்கு மட்டும், கமிட்டை வால் எழுதப்படும்வரை காக்க வைக்கும் சிங்க்ரனஸ்_கமிட் அமைப்பை அணைத்தேன். சர்வர் விழுந்தால் கடைசி ஒரு நொடிக்கும் குறைவான கமிட்டுகள் போகலாம், ஆனால் தரவு சிதையாது. அந்த வேலையை மறுபடி ஓட்டிக்கொள்ளலாம். 50 நிமிடத்தில் முடிந்தது.

பேட்டரி மாற்றிய அன்று அதே கருவி சில ஆயிரங்களைக் காட்டியது. சென்ற ஆண்டு வால் பதிவேட்டை மட்டும், மின்வெட்டைத் தாங்கும் கெப்பாசிட்டர் உள்ள எஸ்எஸ்டிக்கு மாற்றினேன். அதற்கு முன், கெப்பாசிட்டர் இல்லாத சாதாரண எஸ்எஸ்டி ஒன்றை வாங்கி ஏமாந்தேன். பெட்டியில் போட்டிருந்த வேகமெல்லாம் எஃப்சிங்க் வந்ததும் காணாமல் போனது.

அந்தப் பழைய கன்ட்ரோலர் இன்னும் ஓடுகிறது. பேட்டரி நிலையை மணிக்கொரு முறை ஒரு ஸ்கிரிப்ட் கேட்டு, பழுதென்றால் என் கைப்பேசிக்குச் செய்தி அனுப்புகிறது. நீக்கிய இரண்டு இண்டெக்ஸ்களில் ஒன்றைத் திரும்ப உருவாக்க மறந்து, அடுத்த வாரம் வேறொரு புகார் வந்தது தனிக்கதை.